ஒரே ஐபி முகவரி மூன்று கிளைகளில் இருந்தால் ஐபேமில் எப்படிப் பதிவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சாலைப் பக்கம் தலைமை அலுவலகம், மணலியில் கன்டெய்னர் யார்டு, போன வருஷம் வாங்கிய மாதவரம் கிடங்கு என்று மூன்று இடங்கள். மூன்றிலும் 192.168.1.0/24 ஓடுகிறது, அதாவது 192.168.1.0 முதல் 192.168.1.255 வரையுள்ள தொகுதி; இப்படி ஸ்லாஷ் போட்டு எழுதும் தொகுதிக்கு ப்ரீஃபிக்ஸ் என்று பெயர். மணலியிலும் மாதவரத்திலும் 10.10.0.0/16 வேறு இருக்கிறது. எக்செலில் வைத்திருந்த கணக்கை நெட்பாக்ஸ் என்ற ஐபேம் மென்பொருளுக்கு (ஐபி முகவரிகளின் பதிவேட்டுக்கு) மாற்றப் போனால், அதே ப்ரீஃபிக்ஸை இரண்டாவது முறை போடும்போது ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறது. டூப்ளிகேட் சோதனையை அணைத்துவிடலாமா, இல்லை குறிப்புப் பகுதியில் ஊர் பெயரை எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணலி யார்டில் சிசிடிவி போட்டவர் தனி மோடம் வைத்து அதிலும் 192.168.1.0/24 ஓட்டுகிறார், அதையும் சேர்க்க வேண்டுமா என்று கடைசியில் ஒரு வரி.

சோதனையை அணைக்காதீர்கள். குறிப்பில் ஊர் பெயர் எழுதுவதும் போதாது. முகவரியை மட்டும் வைத்து ஒரு கருவியை அடையாளம் காண முடியாது. எந்த வட்டாரத்தின் முகவரி என்பதும் அதோடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்கு நெட்பாக்ஸில் விஆர்எஃப் என்று பெயர். எத்தனை விஆர்எஃப் தேவை என்பதை ஊர்க்கணக்கில் எண்ணாமல் ரவுட்டர் கணக்கில் எண்ணுங்கள். மீதி எல்லாம் இதன் விரிவுதான். ஆனால் விரிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சோதனையை அணைப்பதை ஏன் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன் என்றால், நான் அதைச் செய்து பார்த்தவன். பல வருஷம் முன்பு எண்ணூர் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணூரில் யார்டு, தண்டையார்பேட்டையில் அலுவலகம், இரண்டிலும் 192.168.1.0/24. பதிவேட்டில் டூப்ளிகேட் சோதனையை அணைத்துவிட்டு இரண்டையும் ஒரே பட்டியலில் ஏற்றினேன். ஊர் பெயர் குறிப்பு வரிசையில் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் லாக் சர்வரில் 192.168.1.50 என்ற முகவரியிலிருந்து ஏகப்பட்ட சந்தேகமான டிராஃபிக் என்று எச்சரிக்கை வந்தது. இரவுப் பணியில் இருந்த பையன் பட்டியலில் தேடினான். முதலில் வந்த வரி எண்ணூருடையது. ஸ்விட்சுகளின் மேனேஜ்மென்ட் முகவரிகள் மட்டும் தனித்தனியாக இருந்ததால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த போர்ட்டை மூடிவிட்டான்.

அது எடைமேடைக் கணினி. வைரஸ் பிடித்திருந்த இயந்திரமோ தண்டையார்பேட்டை அலுவலகத்தில் ஒரு மேஜைக்கு அடியில் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது. யார்டிலிருந்து போன் வந்தது: "சார், எடை மெஷின் நெட் போயிடுச்சு, வண்டி எல்லாம் வரிசையா நிக்குது." கேட் திறக்காமல் லாரிகள் சாலையிலேயே நின்றன. ஓட்டுநர்கள் ராத்திரி முழுக்க வண்டியை விட்டு இறங்கவும் முடியாமல், சாப்பிடப் போகவும் முடியாமல் கிடந்தார்கள். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் பட்டியலை நம்பினான். பட்டியல் அவனுக்கு முழு உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைப் போட்டவன் நான்.

சரி, இப்போது அடிப்படைக்கு வருவோம். முகவரிகள் மோதுவது எதனால்? ஆர்எஃப்சி 1918 என்ற 1996-ஆம் வருஷத்து ஆவணம் மூன்று தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. யாரையும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முதல் தொகுதியில் மட்டும் 1,67,77,216 முகவரிகள் இருக்கின்றன. இடம் தாராளம்தான். ஆனால் மோடம் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே 192.168.1 என்றோ 192.168.0 என்றோ வருகிறது. கையால் தேர்வு செய்பவர்களும் 10.0, 10.1, 10.10 என்று வட்டமான எண்ணைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால் முகவரி மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வடசென்னைக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதுவரை ஒவ்வொன்றும் தனி நகராட்சி. ஒவ்வொன்றும் தன் தெருக்களுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது. பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பேட்டை உண்டா? காந்தி தெரு, பள்ளிக்கூடத் தெரு, முதல் குறுக்குத் தெரு எல்லாம் அப்படித்தான். இணைந்த அன்று ஒரே மாநகராட்சிக்குள் ஒரே பெயரில் பல தெருக்கள். அதற்காகத் தபால் நின்றுபோகவில்லை. 600019 என்றால் திருவொற்றியூர், 600068 என்றால் மணலி. தெருவுக்குள்ளேயே வசிப்பவர் பக்கத்து வீட்டுக்கு வழி சொல்லப் பின்கோடு சொல்ல மாட்டார், தேவையும் இல்லை. தபாலைப் பிரிக்கும் மேஜையில்தான் அது வேண்டும்.

ஐபேம் அந்தப் பிரிக்கும் மேஜை. மணலி யார்டுக்குள் இருக்கும் பிரிண்டருக்கு, மாதவரத்திலும் ஒரு 192.168.1.20 இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. மூன்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். ஆகவே உங்கள் ரவுட்டர் எதிலும் விஆர்எஃப் (ஒரே ரவுட்டருக்குள் தனித்தனி ரூட்டிங் பட்டியல் வைக்கும் வசதி) என்ற கட்டளையே இல்லாவிட்டாலும், ஐபேமில் விஆர்எஃப் உருவாக்கலாம். "எங்களிடம் எம்பிஎல்எஸ் இல்லையே, விஆர்எஃப் எதற்கு" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எம்பிஎல்எஸ் என்பது சர்வீஸ் புரொவைடர்கள் பல வாடிக்கையாளர்களின் டிராஃபிக்கைப் பிரித்துக் கொண்டுபோகும் முறை. பதிவேட்டில் அது ஒரு வட்டாரத்தின் பெயர், அவ்வளவுதான். நாட்டோபாட் என்ற இன்னொரு மென்பொருள் இதற்கு நேம்ஸ்பேஸ் என்றே ஒரு தனிப் பொருளை வைத்திருக்கிறது. இன்ஃபோபிளாக்ஸில் நெட்வொர்க் வியூ என்பார்கள். பெயர் வேறு, வேலை ஒன்று.

விஆர்எஃப் உருவாக்கும்போது ரவுட் டிஸ்டிங்விஷர் என்று ஒரு கட்டம் வரும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். அது 2006-இன் ஆர்எஃப்சி 4364 சொல்லும் எம்பிஎல்எஸ் விபிஎன் உலகத்துச் சாமான். ஒரு சர்வீஸ் புரொவைடரின் முதுகெலும்பு நெட்வொர்க்கில் பல வாடிக்கையாளர்களின் 10.10.0.0/16 ஒன்றாகப் பயணிக்கும்போது குழம்பாமல் இருக்க, 4 பைட் முகவரிக்கு முன்னால் 8 பைட் ஒட்டி 12 பைட்டாக ஆக்குகிறார்கள். அந்த 8 பைட்தான் டிஸ்டிங்விஷர். நம் பின்கோடு மாதிரியேதான். உங்களிடம் அது இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நெட்பாக்ஸ் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அதை ரவுட்டரில் தேடி அலைவார்.

இனி முக்கியமான கேள்வி: எல்லைக்கோட்டை எங்கே போடுவது? ஊருக்கு ஒரு விஆர்எஃப் என்பதுதான் எல்லோர் மனதிலும் முதலில் வருவது. உங்கள் விஷயத்தில் அது தற்செயலாகச் சரியாக அமையலாம், ஆனால் விதி அது இல்லை. நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தக் கணினியில் உட்கார்ந்து 192.168.1.20-க்கு பிங் அடித்தால் எந்தக் கருவி பதில் சொல்கிறது? இரண்டு இடங்களிலிருந்து அடித்தாலும் ஒரே கருவி பதில் சொன்னால் இரண்டும் ஒரே வட்டாரம், நடுவில் பத்து கிலோமீட்டர் இருந்தாலும் சரி. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு மேஜையிலிருந்து அடித்து இரண்டு வேறு கருவிகள் பதில் சொன்னால், அவை இரண்டு வட்டாரங்கள். பிங்கை மட்டும் நம்பாமல் அந்தந்த இடத்து ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்று காட்டுவது) மேக் முகவரியையும், அதாவது கருவியின் வன்பொருள் எண்ணையும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே முகவரிக்கு மணலியில் ஒரு மேக், மாதவரத்தில் வேறு மேக் என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நெட்பாக்ஸில் சைட் என்று ஒன்று, டெனன்ட் என்று ஒன்று, விஎல்ஏஎன் என்று ஒன்று எல்லாம் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சைட் என்பது இடம், டெனன்ட் என்பது யாருடையது, விஎல்ஏஎன் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க். விஆர்எஃப் ஒன்றுதான் முகவரிக்கு எங்கே பொருள் உண்டு என்பதைச் சொல்கிறது. டெனன்டை வைத்து ஓவர்லாப்பைப் பிரிக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டெனன்ட் வேறு வேறு என்பதற்காக டூப்ளிகேட் சோதனை விட்டுக்கொடுக்காது, விடவும் கூடாது. ஒரே ரவுட்டருக்குள் இரண்டு டெனன்ட்கள் ஒரே முகவரியை வைத்துக்கொண்டால் அது கோளாறுதானே. விஎல்ஏஎன் எண்ணும் இதே கதை. அது 12 பிட், பயன்படுத்தத் தக்கவை 4094. மணலியின் விஎல்ஏஎன் 10-க்கும் மாதவரத்தின் விஎல்ஏஎன் 10-க்கும் எந்த உறவும் இல்லை. இடத்துக்கு ஒரு விஎல்ஏஎன் குரூப் வைத்து அதற்குள் எண்களைப் போடுங்கள், முடிந்தது.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் ஊகிக்கிறேன். தலைமை அலுவலகத்தில் கணக்கு சர்வர் இருக்கும். மணலிக்கு ஏற்கெனவே ஒரு விபிஎன் இருக்கும். அதில் சர்வர் சப்நெட் (சர்வர்கள் உட்காரும் முகவரித் தொகுதி) மட்டும் போய்வரும், 192.168.1.0/24 போகாது. அந்த சப்நெட் 10.50.0.0/24 என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு விஆர்எஃபிலும் பதியத் தோன்றும், ஏனென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் அது தெரிகிறது. பதியாதீர்கள். அது வாழும் வீடு தலைமை அலுவலக விஆர்எஃப், பதிவு அங்கே ஒன்று மட்டும். மணலி அதை எட்டிப் பார்க்கிறது என்பதைக் குறிக்க ரவுட் டார்கெட் இருக்கிறது: ஒரு விஆர்எஃப் ஏற்றுமதி செய்கிறது, இன்னொன்று இறக்குமதி செய்கிறது. எம்பிஎல்எஸ் இல்லாத இடத்தில் அது வெறும் குறிப்புதான், ஆனால் ஆறு மாதம் கழித்து ஃபயர்வால் விதி எழுத உட்காரும்போது அந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றும். ஒரு சப்நெட்டை இரண்டு முறை பதிந்தால், ஒருவர் ஒரு பதிவில் முகவரி ஒதுக்குவார், மற்றவர் மற்றதில் அதே முகவரியை ஒதுக்குவார், இரண்டு பக்கமும் சோதனை பச்சைக்கொடி காட்டும்.

அப்புறம், ஓவர்லாப் என்ற ஒரே சொல்லை மூன்று விஷயத்துக்குப் பயன்படுத்துகிறோம், அதிலேயே பாதிக் குழப்பம். 10.10.0.0/16-க்குள் 10.10.4.0/24 இருப்பது ஓவர்லாப் இல்லை, தாய்ப்பிள்ளை உறவு. ஐபேமின் மரமே அதில்தான் நிற்கிறது. ஒரே ப்ரீஃபிக்ஸ் இரண்டு வட்டாரங்களில் இருப்பது உங்கள் கேள்வி. அது நிஜம், மறைக்காமல் பதிய வேண்டியது. மூன்றாவது, ஒரே வட்டாரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, இதுதான் கோளாறு. இங்கே ஒரு நல்ல கணித வசதி உண்டு. ஸ்லாஷ் போட்டு எழுதும் ப்ரீஃபிக்ஸ்கள் பாதி பாதியாகப் படியவே முடியாது. எல்லைகள் எல்லாம் இரண்டின் அடுக்குகளில் விழுவதால், ஒன்று இன்னொன்றுக்குள் முழுசாக இருக்கும், அல்லது தொடவே தொடாது. பாதிப் படிவு வருவது தொடக்கம் முடிவு என்று எழுதும் ரேஞ்சுகளில்தான். ஒருவர் டிஹெச்சிபிக்கு (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) .100 முதல் .200 வரை வைத்திருப்பார், மாடியில் இன்னொரு மோடம் .150 முதல் .250 வரை கொடுத்துக்கொண்டிருக்கும். இதை நெட்பாக்ஸ் ஒரே விஆர்எஃபுக்குள் அனுமதிக்காது. அதற்காகவே ரேஞ்சுகளையும் பதியுங்கள். "டிஹெச்சிபி .100லிருந்து" என்று குறிப்பில் எழுதி வைத்தால் எந்தச் சோதனையும் அதைப் படிக்காது.

சோதனைக்கும் பிடிபடாத ஒன்றைச் சொல்கிறேன், இதை உங்கள் எக்செலில் கட்டாயம் தேடிப் பாருங்கள். யாரோ ஒருவர் மாதவரத்தில் அலுவலகத்துக்கு 192.168.1.0/24 என்று எழுதியிருப்பார். இன்னொருவர், இடம் போதவில்லை என்று கேட் பக்கத்து ரவுட்டரில் மாஸ்க்கை (தொகுதி எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்) மாற்றி, 192.168.0.0/23 என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே ஒயர். ப்ரீஃபிக்ஸ் வேறு வேறு என்பதால் டூப்ளிகேட் இல்லை. ஒன்று மற்றதுக்குள் அடங்குவதால் நெட்பாக்ஸ் அதை அழகாகத் தாயும் பிள்ளையுமாக வரைந்து காட்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும், உண்மையில் அங்கே சண்டை. பழைய மாஸ்க்கில் நிற்கும் கருவி, 192.168.0.x-இல் இருப்பவரைத் தன் ஒயரிலேயே தேடாமல் கேட்வேக்கு (வெளியே போகும் ரவுட்டருக்கு) அனுப்பும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது, காரணம் தெரியாமல் ஒரு வாரம் போகும்.

இதைத் தடுக்க நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான். ப்ரீஃபிக்ஸில் இரண்டு ஜாதி: பிரித்துக் கொடுப்பதற்காக வைத்திருப்பது, கருவிகள் உட்காருவது. நெட்பாக்ஸில் முதல் ஜாதிக்கு கன்டெய்னர் என்ற நிலை உண்டு. யார்டில் நிற்கும் பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கன்டெய்னருக்குள் மட்டும்தான் பிள்ளைகள் இருக்கலாம். கருவிகள் உட்காரும் ப்ரீஃபிக்ஸுக்குள் இன்னொரு ப்ரீஃபிக்ஸ் இருந்தால், அங்கே ஏதோ பொய் இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நெட்பாக்ஸ் இதைத் தானாகக் கட்டாயப்படுத்தாது. வாரம் ஒருமுறை ஏபிஐ வழியாக எடுத்துப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். பைத்தானில் ஐபி முகவரிக்கென்றே இருக்கும் நூலகம் ஒரு வரியில் இதைச் சொல்லிவிடும்.

விஆர்எஃப் கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு குளோபல் டேபிளுக்குப் போகிறது. மூன்றில் பெரிய கிளையை அங்கேயே விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கு மட்டும் விஆர்எஃப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். காலி என்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும்: ஒன்று தலைமை அலுவலகம், இன்னொன்று யாரோ நிரப்ப மறந்தது. இரண்டையும் பிரித்தறிய வழியே இருக்காது. மூன்றுக்கும் பெயர் வையுங்கள். குளோபலில் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பொது முகவரிகளும், 10.0.0.0/8 மாதிரி மேல்மட்டக் கன்டெய்னர்களும் மட்டும் இருக்கட்டும். குளோபலில் கன்டெய்னராக வைத்த ப்ரீஃபிக்ஸின் பக்கத்தைத் திறந்தால் எல்லா விஆர்எஃபிலும் அதன் கீழ் வரும் ப்ரீஃபிக்ஸ்களை நெட்பாக்ஸ் ஒரே இடத்தில் காட்டும், எந்தெந்த 10.10 எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. விஆர்எஃப் ஒவ்வொன்றிலும் என்ஃபோர்ஸ் யூனிக் ஸ்பேஸ் என்ற டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளோபலுக்கு அதே வேலையைச் செய்யும் அமைப்பு கான்ஃபிகரேஷனில் தனியாக இருக்கிறது, அதுவும் உயிரோடு இருக்கட்டும்.

சொந்தமாக டேபிள் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலி விஷயம் இன்னும் ஆபத்து. வட்டாரமும் ப்ரீஃபிக்ஸும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று டேட்டாபேஸில் விதி எழுதியிருப்பீர்கள். ஆனால் எஸ்கியூஎல்லில் ஒரு நல் (காலி மதிப்பு) இன்னொரு நல்லுக்குச் சமம் இல்லை. வட்டாரம் காலியாக இருக்கும் வரிகளில் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் அந்த விதி வேலையே செய்யாது, 192.168.1.0/24-ஐ நூறு முறை போட்டாலும் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து நல்களையும் சமமாக நடத்தச் சொல்ல முடிகிறது. அதைவிட எளிய வழி, அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே முடியாதபடி செய்து, குளோபல் என்றே ஒரு வட்டாரத்தை உருவாக்கிவிடுவது.

ஒரே வட்டாரத்துக்குள் ஒரே முகவரி இரண்டு கருவிகளில் நியாயமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. இரண்டு ரவுட்டர்கள் விஆர்ஆர்பி வழியாக ஒரு கேட்வே முகவரியைப் பகிர்ந்துகொள்வது, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் பல ஒரே முகவரியில் இருக்கும் எனிகாஸ்ட் போன்றவை. முகவரிக்கு அந்த ரோலைக் கொடுத்தால் நெட்பாக்ஸ் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கும். விலக்கு அந்த ஒரு முகவரிக்கு மட்டும், அதுவும் காரணத்தோடு.

இனி இணைப்பு. மணலியிலிருந்து மாதவரத்தின் கிடங்கு சர்வரை, 192.168.1.20-ஐ, எட்ட வேண்டும் என்று சீக்கிரமே கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் என்பதால் ஒரு பக்கம் மட்டும் நேட் (வழியில் முகவரியை மாற்றிக் கொடுக்கும் முறை) போட்டால் பதில் திரும்பி வராது. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். நான் செய்வது, இணைப்புக்கென்று யாரும் பயன்படுத்தாத ஒரு தொகுதியை ஒதுக்குவது. தலைமை அலுவலகம் 10.200.1.0/24, மணலி 10.200.2.0/24, மாதவரம் 10.200.3.0/24. கடைசி எண் மாறாமல் ஒன்றுக்கொன்று மாற்றினால் மாதவரத்தின் .20 மற்றவர்களுக்கு 10.200.3.20 ஆகத் தெரியும், மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பதைப் போலத்தான். வீடு ஒன்று, எண் இரண்டு, இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பதால் யாரும் தொலைவதில்லை.

ஐபேமில் 10.200.0.0/16-க்கு இணைப்பு என்று நான்காவது விஆர்எஃப் வையுங்கள். அதில் 10.200.3.20-ஐ உருவாக்கி, அதன் நேட் இன்சைட் கட்டத்தில் மாதவரம் விஆர்எஃபின் 192.168.1.20-ஐத் தேர்வு செய்யுங்கள். கட்டாயம் கவனிக்க வேண்டியது அந்தத் தேர்வில் எந்த விஆர்எஃப் என்பது. பட்டியலில் மூன்று 192.168.1.20 வரிசையாக வந்து நிற்கும். டிஎன்எஸ்ஸிலும் இதே கவனம் வேண்டும். மாதவரத்துக்குள் கேட்பவருக்கு 192.168.1.20, வெளியிலிருந்து கேட்பவருக்கு 10.200.3.20 என்று பதில் போக வேண்டும்; பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் வியூ என்று இருப்பது இதற்குத்தான்.

தொகுதியைத் தேர்வு செய்யும்போது இரண்டு இடங்களைத் தவிர்க்கிறேன். 100.64.0.0/10 என்று ஒன்று உண்டு. 2012-இன் ஆர்எஃப்சி 6598 அதை இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் பெரிய நேட்டுக்குப் பயன்படுத்த ஒதுக்கியது. யாரிடமும் இல்லாத முகவரி என்று நினைத்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பிராட்பேண்ட் மோடத்தின் வெளிப்பக்கத்தில் அதுவே வந்து நின்றால் புதிய மோதல். இன்னொன்று 172.17.0.0/16-இலிருந்து மேலே. சர்வருக்குள் மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கர் தன் முதல் நெட்வொர்க்குக்கு இயல்பாக 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும், கூடுதல் நெட்வொர்க்குகளுக்கு 172.18, 172.19 என்று மேலே போகும். சர்வருக்குள்ளேயே மறைந்திருக்கும் ஓவர்லாப் இது; எந்த ரவுட்டரிலும் தெரியாது. அந்த சர்வர் மட்டும் ஒரு கிளையை எட்டாது, மற்ற எல்லாம் எட்டும். டாக்கர் ஓடும் சர்வர்களில் அந்த வரம்புகளைக் குறித்து வையுங்கள்.

பதிவேட்டைச் சரிசெய்துவிட்டு அங்கேயே நிறுத்தினால் என் எண்ணூர் கதை மறுபடி நடக்கும். அன்று பட்டியலில் ஊர் பெயர் இருந்தது, லாக்கில் இல்லை. லாக் சர்வருக்கு வரும் ஒவ்வொரு வரியிலும் எந்த வட்டாரம் என்ற அடையாளம் ஒட்ட வேண்டும். பெரும்பாலான லாக் சேகரிப்பான்கள் எந்த ஃபயர்வாலிலிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு லேபிள் சேர்க்கும். அந்த லேபிளும் ஐபேமில் உள்ள விஆர்எஃப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கண்காணிப்பு மென்பொருள், புகார்ச் சீட்டு, ஸ்விட்ச் போர்ட்டை மூடும் ஸ்கிரிப்ட், எதுவானாலும் வெறும் முகவரியைக் கொடுத்தால் வேலை செய்ய மறுக்க வேண்டும். இரண்டு பதில் வரும் கேள்விக்கு முதல் பதிலை எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டை எழுதாதீர்கள், யார் எழுதினாலும் விடாதீர்கள்.

ஏற்றும் வரிசை: முதலில் விஆர்எஃப்கள், பிறகு கன்டெய்னர்கள், பிறகு ப்ரீஃபிக்ஸ்கள், ரேஞ்சுகள், கடைசியில் முகவரிகள். எக்செலில் விஆர்எஃப் என்று ஒரு வரிசையைச் சேர்த்து ஒரு வரியும் காலி இல்லாமல் நிரப்பிய பிறகே ஏற்றுங்கள். நிரப்பத் தெரியாத வரி இருந்தால், அது எந்தக் கிளையுடையது என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்குமே தெரியாது என்று அர்த்தம். அந்த வரிகளைத் தனியாக எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

இதெல்லாம் ஓவர்லாப்போடு வாழும் வழி. மணலி, மாதவரம் இரண்டும் இனி ஒரே நிறுவனம் என்றால், மாதவரத்தின் 10.10.0.0/16-ஐ மெல்ல மாற்றிவிடுவதுதான் நல்லது. நேட் என்றைக்கும் கூடுதல் சுமைதான். புதிய தொகுதியாக 10.137.0.0/16 போல வட்டமில்லாத எண்ணை எடுங்கள். அதை இப்போதே ஐபேமில் ரிசர்வ்டு என்ற நிலையில் பதிந்துவிட்டால் வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். டிஹெச்சிபியில் இருக்கும் கையடக்க ஸ்கேனர்கள், மடிக்கணினிகள் முதலில். லீஸ் நேரத்தை (கொடுத்த முகவரி எவ்வளவு நேரம் செல்லும் என்பதை) குறைத்துவிட்டு ஒரு இரவில் மாற்றலாம். பிரிண்டர்கள் அடுத்து. கையால் முகவரி அடித்து வைத்த கருவிகளும் எடைமேடையும் கடைசி. எடைமேடையை மாற்றும் நாளில் லாரி வரத்து இல்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு, கேட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஐபிவி6 போடும் எண்ணம் இருந்தால், ஆர்எஃப்சி 4193 சொல்லும் உள்முகவரிகளில் 40 பிட்டைக் குலுக்கல் முறையில் எடுக்கச் சொல்கிறார்கள். உண்மையாகவே குலுக்கி எடுங்கள், பூஜ்யமாக விடாதீர்கள். நாளைக்கு இன்னொரு கிடங்கு வாங்கினாலும் மோத வாய்ப்பு மிகமிகக் குறைவு.

சிசிடிவிக்காரரின் மோடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். உங்கள் ரவுட்டரோடு அது இணையவில்லை என்றாலும் உங்கள் யார்டுக்குள் இருக்கிறது, உங்கள் ராக்கில் உங்கள் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சைட் மணலி, டெனன்ட் அந்த ஒப்பந்தக்காரர், விஆர்எஃப் மணலி-சிசிடிவி, ப்ரீஃபிக்ஸ் 192.168.1.0/24. கேமராக்களின் முகவரிகளையும் ரெக்கார்டரின் முகவரியையும் அவரிடமே கேட்டு வாங்கிப் போடுங்கள். பிறகு ராக்கில் அந்த மோடத்தின் மேல் மணலி-சிசிடிவி என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அவசரத்தில் யாராவது ஒருநாள் அந்த ஒயரை எடுத்து உங்கள் ஸ்விட்சில் சொருகப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் நெட்பாக்ஸ் இருக்காது.